நம்பிக்கை போயிற்று, தொப்பி போகவில்லை!

நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் வில்லியம்ஸ்பர்க் என்று ஒரு பேட்டை இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். பொழுது சாயக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு சங்கு ஊதும். ஆலைச் சங்கு அல்ல. சாபத் என்ற ஓய்வு நாள் பிறக்கப் போகிறது என்று அறிவிக்கும் சங்கு. கடைகள் சடசடவென்று சாத்தப்படும். வீட்டுக்கு வீடு பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆண்கள் கறுப்புப் பட்டு அங்கி அணிந்து, கன்னத்து ஓரமாகச் சுருள் முடி தொங்க, தலையிலே உருளையான ரோமத் தொப்பியுடன் தொழுகைக்குப் புறப்படுவார்கள். ஆகஸ்டு மாத வெயிலானாலும் அந்த ரோமத் தொப்பிதான். அதற்கு ஷ்ட்ரைமல் என்று பெயர். விலை ஆயிரக்கணக்கான டாலர். பெரும்பாலும் கல்யாணத்தின்போது மாமனார் வாங்கித் தருவது.

அந்த நிமிஷம் முதல் மறுநாள் இரவு நட்சத்திரம் தோன்றும்வரை தீ மூட்டக் கூடாது. மின்சார விளக்கின் விசையைத் தொடக் கூடாது. காசைத் தொடக் கூடாது, காரில் ஏறக் கூடாது, பேனாவால் ஓர் எழுத்து எழுதக் கூடாது. விலக்கப்பட்ட வேலைகள் 39 வகை. ஒவ்வொரு வகைக்கும் கிளைகள் நூறு.

இத்தனையும் செய்துகொண்டு, தொழுகைக் கூடத்தில் முன்னும் பின்னும் அசைந்து ஜபிக்கிற அந்தக் கூட்டத்திலே, இதில் ஒன்றைக்கூட நம்பாதவர்களும் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று எவராலும் கணக்கெடுக்க முடியாது. கணக்கில் வந்துவிட்டால் அந்த ஆசாமியின் கதை முடிந்தது! சீனாய் மலையில் கடவுள் மோசேக்கு வேதத்தை அருளினார் என்பதிலிருந்து, செத்த பிறகு ஆத்மா இருக்கிறது என்பது வரையில் எல்லாவற்றையும் மனத்துக்குள்ளே துறந்துவிட்டவர்கள் அவர்கள். ஆனால் அங்கியைத் துறக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாது. பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. சிலருக்குக் கட்டிய மனைவிக்கும் தெரியாது.

நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியல் அறிஞர் அயலா ஃபேடர் இப்படிப்பட்டவர்களோடு பல ஆண்டுகள் பழகி, 2020-ல் ஒரு நூலே வெளியிட்டார். இரட்டை வாழ்க்கைக்காரர்கள் என்பது அவர்களுக்கு வழங்குகிற பெயர். மோசக்காரர்கள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள், எதற்காக ஏமாற்றுகிறார்கள் என்று விசாரித்தால் அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

சாம்பலில் முளைத்த ஊர்கள்

முதலில் இந்தச் சமூகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய யூத பக்தி இயக்கம் ஹஸீதியம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குருபரம்பரை. குருவுக்கு ரெப்பே என்று பெயர். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்த ஊர்கள் அத்தனையும் அழிந்தன. ஹங்கேரி அரசின் ஆதிக்கத்தில் இருந்த பகுதிகளிலிருந்து மட்டும் 1944-ல் ஏறக்குறைய 8 வாரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ரயில் ஏற்றப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ்.

தப்பியவர்களில் ஒருவர் சாத்மார் பரம்பரையின் குரு யோயல் டைட்டல்பாம். 1946-ல் அவர் நியூயார்க் வந்து சேர்ந்தபோது கூட இருந்தவர்கள் சொற்பம். அமெரிக்கா ஆளைக் கரைத்துவிடும், பிள்ளைகள் பேண்ட்டு சட்டை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று எல்லாரும் எண்ணினார்கள். அவர் விடவில்லை. அழிந்த ஊர்களை அப்படியே புரூக்ளினில் எடுத்துக் கட்டினார். அவர் பெயரால் நியூயார்க்குக்கு வடக்கே அமைந்த கிர்யாஸ் யோயல் என்ற ஊர் 1977-ல் சட்டப்படி பதிவாயிற்று. 2020 குடிமதிப்பில் அதன் ஜனத்தொகை 32,000-க்கு மேல். உக்ரேனின் ஸ்க்வீரா ஊர்ப் பரம்பரையினர் ஒரு பால் பண்ணையின் நிலத்தை வாங்கிக் குடியேறி, நியூ ஸ்குவேர் என்ற ஊரை 1961-ல் தனி ஊராகப் பதிவு செய்தார்கள்.

வீட்டிலே பேசுவது யித்திஷ் மொழி. பையன்கள் பள்ளியில் விடியற்காலம் முதல் வேதமும் தால்முதும்தான். ஆங்கிலமும் கணக்கும் பல பள்ளிகளில் பேருக்கு உண்டு. 13 வயதுக்கு மேல் அதுவும் பெரும்பாலும் இல்லை. பதினெட்டு, இருபது வயதில் தரகர் மூலம் கல்யாணம். மணமானபின் பெண் தன் கூந்தலை எவர் கண்ணிலும் காட்டக் கூடாது. சாத்மார் போன்ற பரம்பரைகளில் மழித்துவிட்டே பொய்முடியோ துணியோ அணிகிறார்கள். எட்டு, பத்துக் குழந்தைகள் என்பது அங்கே அதிசயமே அல்ல.

இதையெல்லாம் வெளியிலிருந்து பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அந்த ஊரில் ஒருவன் படுத்த படுக்கையாகிவிட்டால் அடுத்த வேளைச் சாப்பாடு தானாக வந்து சேரும். மருத்துவமனைக்கு வண்டியோட்ட ஆள் வரும். அநாதைப் பெண்ணின் கல்யாணத்துக்குத் தெரு முழுவதும் பணம் போடும். நம்பிக்கை இழந்தவன் இழக்கத் தயங்குவதில் பாதி இதுதான்.

எப்படிப் போகிறது?

பெரும்பாலும் ஒரே நாளில் இடி விழுந்ததுபோல் போவதில்லை. ஒரு கேள்வி பிறக்கிறது. பூமிக்கு வயது ஆறாயிரத்துக்குள் என்கிறது மரபுக் கணக்கு. டைனோசரின் எலும்பு வேறு சொல்கிறது. வேத நூலைப் பல கைகள் எழுதின என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். கேள்வியோடு ரப்பியிடம் போகிறான். சிலர் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். சிலர், இன்னும் கொஞ்சம் ஆழ்ந்து படி, சரியாகிவிடும் என்கிறார்கள். அதிகமாகப் படிக்கப் படிக்கச் சந்தேகம் அதிகமானவர்கள் உண்டு. இவர்களிலே பலர் மக்குப் பிள்ளைகள் அல்லர். பாடசாலையில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள்.

முன்னெல்லாம் வழி நூலகம். வில்லியம்ஸ்பர்க்கில் பாட்டி வீட்டில் வளர்ந்து, பிற்பாடு தம் கதையை 2012-ல் நூலாக எழுதிய டெபோரா ஃபெல்ட்மன், நூலகப் புத்தகங்களை ஒளித்து வைத்துப் படித்த சிறுமி. நியூ ஸ்குவேரில் குடியிருந்த ஷூலம் டீனுக்கு ரேடியோ. குழந்தைகளின் கதை ஒலிநாடாவுக்காக வைத்திருந்த கருவியில் ரேடியோவும் இருந்தது. ராத்திரி காதில் குழாயை மாட்டிக்கொண்டு அதைத் திருகியதுதான் முதல் குற்றம். பிறகு பொது நூலகம், கலைக்களஞ்சியம், பிறகு கம்ப்யூட்டர்.

இன்டர்நெட் வந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. அதுவரை, உலகத்திலேயே தான் ஒருவன்தான் இப்படி என்று குமைந்துகொண்டிருந்தவன், தன்னைப்போல் இன்னும் பலர் உண்டு என்று கண்டான். பெரியவர்கள் ஆபத்தை உணர்ந்தார்கள். 2012 மே 20-ஆம் தேதி நியூயார்க்கின் சிட்டி ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானத்தில் 40,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் கூடினார்கள். இன்டர்நெட்டின் தீமையைப் பற்றிப் பிரசங்கம். பெண்களுக்கு மைதானத்தில் இடமில்லை; புரூக்ளினில் மண்டபங்களில் திரையில் பார்த்தார்கள். திரையைக் கண்டிக்கும் கூட்டத்தைத் திரையில்! அதன் பிறகு, வடிகட்டி பொருத்தாத தொலைபேசி வீட்டில் இல்லை என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் பிள்ளைக்கு இடம் என்ற கட்டுப்பாடு பள்ளிகளில் இறுகியது. இரட்டை வாழ்க்கைக்காரர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு தொலைபேசி வைத்துக்கொண்டார்கள். ஒன்று ஊருக்கு, ஒன்று தனக்கு.

ஏன் போய்விடக் கூடாது?

வாசகர்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கும்: அமெரிக்கா சுதந்திர நாடாயிற்றே, கதவைத் திறந்துகொண்டு போவதுதானே? யார் தடுக்கிறார்கள்?

போலீஸ்காரர் யாரும் தடுக்கவில்லை. போனவர்களுக்கு உதவ 2003-ல் மால்கி ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி ஃபுட்ஸ்டெப்ஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். அவரும் அத்தகைய சமூகத்திலிருந்து வெளிவந்தவர். அங்கே வருகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவன என்ன? ஆங்கிலத்தில் ஒழுங்காக ஒரு கடிதம் எழுதுவது, பள்ளிச் சான்றிதழுக்குப் பரீட்சை எழுதுவது, வேலைக்கு நேர்காணலுக்குப் போவது. முப்பது வயது மனிதர், பெரிய பெரிய தால்முது வியாக்கியானங்களை மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடியவர், பின்னக் கணக்கில் உட்கார்ந்து தடுமாறுகிறார்.

அதையும் கற்றுக்கொள்ளலாம். பிள்ளைகளை என்ன செய்வது? ஒருவர் வெளியேறினால் விவாகரத்து; விவாகரத்து என்றால் குழந்தைகள் யாரிடம் என்ற வழக்கு. பெற்றோர் இருவரும் ஒப்பி வளர்த்த மதத்தைக் குழந்தைக்கு மாற்றாமல் இருப்பதே நல்லது என்ற கோணத்தை நியூயார்க் நீதிமன்றங்களும் கணக்கில் எடுப்பதுண்டு. வழக்குக்கு ஊரே பணம் திரட்டிக் கொடுக்கும். போகிறவர் ஒண்டி ஆள்.

ஷூலம் டீன் விஷயத்தில் அவர் போகவில்லை, போகச் சொன்னார்கள். பெயரைச் சொல்லாமல் 2003 முதல் இன்டர்நெட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 2005-ல் ஊர் ரப்பிகளின் நீதிமன்றம் அவரை அழைத்து, நாஸ்திகர் என்று பேச்சு அடிபடுகிறது, ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றது. ஐந்து குழந்தைகளின் தகப்பனார். பக்கத்து ஊருக்குக் குடித்தனம் மாறிப் பார்த்தார். பிறகு மணவாழ்க்கையும் முறிந்தது. குழந்தைகள் ஒவ்வொருவராகத் தகப்பனாரைப் பார்க்க வருவதை நிறுத்திக்கொண்டார்கள். 2015-ல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு, போனவர் எவரும் திரும்புவதில்லை என்ற பொருளுடையது. வழிதவறிப் போனவர்களைப் பற்றித் தால்முது பண்டிதர்கள் கையாண்ட சொற்றொடர் அது. திரும்பாதது தாம் மட்டும் அல்ல என்று அவர் நினைத்திருப்பார்.

இதைப் பார்த்த மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு தொழுகைக்குப் போகிறார்கள். கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒருவன் வெளியேறினால் அவனோடு போவதில்லை. அவன் தங்கைக்கு வருகிற வரன் தட்டிப் போகும். அண்ணன் பிள்ளைக்கு நல்ல பாடசாலையில் இடம் கிடைக்காது. தாயார் கடைக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். தன் மனச்சாட்சிக்காகத் தான் பட்டினி கிடக்கலாம். தங்கையின் கல்யாணத்தைப் பட்டினி போடுவதற்கு யார் உரிமை கொடுத்தது என்று அவன் கேட்டால் வெளியில் இருக்கிற நாம் என்ன பதில் சொல்வோம்?

முந்தைய மனிதர் இருவர்

இது இன்றைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். இரட்டை வாழ்க்கைக்காரர்களில் சிலர் தங்களைத் 'தலைகீழ் மரானோக்கள்' என்று சொல்லிக்கொள்வதுண்டு. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் யூதர்களைக் கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக்கிய காலத்தில், வெளியே சிலுவை, உள்ளே மோசேயின் சட்டம் என்று வாழ்ந்தவர்களுக்கு மரானோ என்று பெயர். இவர்கள் வெளியே மோசேயின் சட்டம், உள்ளே ஒன்றும் இல்லை.

அத்தகைய மதம் மாறிய வம்சத்தில் போர்ட்டோ நகரில் 1585 வாக்கில் பிறந்தவர் உரியேல் டா கோஸ்டா. மாதாகோயிலில் பொக்கிஷ உத்தியோகம் பார்த்தவர். வேதத்தைப் படித்துப் படித்து, முன்னோர் மதமே மெய் என்று முடிவு கட்டி, தாயாரையும் சகோதரர்களையும் அழைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்குக் கப்பல் ஏறினார். போன இடத்தில் ஏமாற்றம். வேதத்தில் இல்லாத விதிகளை ரப்பிகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று வாதாடினார். ஆத்மாவுக்கு அழிவில்லை என்பதையும் மறுத்தார். 1623-ல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரைப் பிரஷ்டம் செய்தது. கூடப் பிறந்தவர்களே பேச்சை நிறுத்தினார்கள். 1624-ல் அவர் அச்சிட்ட நூலை நகர அதிகாரிகள் நெருப்பில் போட்டார்கள்.

ஒண்டியாக எத்தனை வருஷம் இருக்க முடியும்? பாஷையும் தெரியாத ஊர். பணிந்து போனார், நம்பாமலே திரும்பி வந்து, ஊரோடு ஊராக நடந்துகொண்டார். நம்முடைய கட்டுரைக்கு உரிய பகுதி இதுதான். அந்த வேஷம் எங்கே கலைந்தது தெரியுமா? அடுக்களையில்! வீட்டிலே சாப்பாட்டு விதிகளை அவர் அனுசரிப்பதில்லை என்று உடன் இருந்த மருமகப்பிள்ளை வெளியே சொல்லிவிட்டான். மறுபடி பிரஷ்டம், இந்தத் தடவை ஏழு வருஷம். 1640-ல் மறுபடி பணிந்தார். தொழுகைக் கூடத்தில் ஊர் கூடியிருக்க, தம் குற்றங்களை வாசித்தார். இடுப்புவரை ஆடை களைந்து தூணில் கட்டி 39 கசையடி கொடுத்தார்கள். பிறகு வாசற்படியில் படுக்க வைத்து எல்லாரும் தாண்டிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குப் போய்த் தம் வரலாற்றை எழுதி முடித்துவிட்டுத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். எரித்த நூலில் ஒரு பிரதி மட்டும் தப்பியது. 1990-ல்தான் கோபன்ஹேகன் நகரில் அது அகப்பட்டது.

இன்னொருவர் கெட்டிக்காரர், கடைசிவரை அகப்படவே இல்லை. பிரான்ஸில் எத்ரெபினி என்ற சிற்றூரின் பாதிரியார் ஜான் மெலியே. 1689 முதல் 1729-ல் சாகும்வரை 40 வருஷம் அதே ஊரில் பூசை செய்தார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், செத்தவர்களைப் புதைத்தார். உள்ளூர்ப் பிரபு குடியானவர்களைக் கொடுமைப்படுத்தியதைப் பிரசங்கத்தில் கண்டித்து மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. செத்த பிறகு பார்த்தால், தம் கையால் எழுதிய பெரிய நூல், மூன்று பிரதிகள்! கடவுள் இல்லை, மதங்கள் எல்லாம் பொய், அரசர்களும் குருமார்களும் ஒருவருக்கொருவர் துணை என்று பக்கம் பக்கமாக எழுதி, இத்தனை நாள் உண்மையைச் சொல்லாததற்குத் தம் ஊர் ஜனங்களிடம் மன்னிப்பும் கேட்டிருந்தார். வால்டேர் 1762-ல் அதைச் சுருக்கி, நாஸ்திகத்தை வெட்டிவிட்டு வெளியிட்டார். முழு நூல் அச்சேறியது 1864-ல்.

மன்னிப்புக் கேட்டாரே, அந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது. அவரிடம் பாவமன்னிப்புப் பெற்ற கிழவி ஒருத்தி, அவர் சொன்னதை நம்பித்தானே நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாள்? அவளுக்கு இவர் செய்தது துரோகமா, உபகாரமா? மெலியேக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. அதனால் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. வில்லியம்ஸ்பர்க்காரருக்கு அப்படி அல்ல.

வீட்டுக்குள் ஒப்பந்தம்

கணவனின் மனமாற்றம் மனைவிக்குத் தெரிய வருகிற நாள்தான் உண்மையான சோதனை. அவளுடைய மதத்தில் தாம்பத்தியமே விதிகளால் ஆனது. மாதவிலக்கும் அதன்பின் ஏழு சுத்த நாட்களும் கழிந்து, அவள் சடங்குக் குளத்தில் மூழ்கி வரும்வரை ஒருவரை ஒருவர் தொடக்கூடாது. சமையலறையில் பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு ஒரு பாத்திரம். இந்த மனுஷன் இதையெல்லாம் இனி எதற்காகப் பார்ப்பான் என்று அவளுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தானே?

சில வீடுகள் அன்றே உடைகின்றன. சில வீடுகளில் ஒப்பந்தம் ஏற்படுகிறது. பிள்ளைகள் எதிரில் எதுவும் கூடாது. சாபத் அன்று புகை பிடிப்பதானால் எங்கேயாவது போய்த் தொலையுங்கள், வீட்டுக்குள் வாசனை வரக்கூடாது. அந்தத் தொலைபேசி பீரோவுக்குள் இருக்கட்டும். ராத்திரி என்ன படிக்கிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். காலையில் தொழுகைக்குப் போகாமல் இருக்காதீர்கள். சில மனைவியர் ரப்பியிடம் யோசனை கேட்கிறார்கள். சந்தேகத்தை ஒரு மனநோயாகக் கருதி, மதப்பற்றுள்ள மனநல ஆலோசகரிடம் அனுப்புவதும் நடக்கிறது. பூமியின் வயதைப் பற்றிக் கேட்டவனுக்கு மனச்சோர்வு மருந்து!

நம்பிக்கை இழந்தவள் மனைவியாக இருந்துவிட்டாலோ அவஸ்தை இரட்டிப்பு. ஆண் வேலை என்று சொல்லிவிட்டு மன்ஹாட்டனுக்குப் போகலாம், அங்கிக்கு மேல் வேறு சட்டை போட்டுக்கொண்டு ஒரு காப்பிக் கடையில் உட்காரலாம். எட்டுக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? மதச் சட்டப்படி விவாகரத்துச் சீட்டை எழுதிக் கொடுக்க வேண்டியவனும் கணவன்தான். அவன் கொடுக்காவிட்டால் அவளுக்கு மறுமணம் இல்லை. ஆகவே பல பெண்கள் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

நீதிமன்றத்தில் சிறிது வெளிச்சம் வந்திருக்கிறது. 2017-ல் ஹஸீதிய வாழ்க்கையை விட்ட ஒரு தாயாரின் வழக்கில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு தாய் தனக்கு நம்பிக்கையில்லாத மத ஆசாரத்தைத் தன் வாழ்க்கையில் அனுஷ்டித்தே ஆக வேண்டும் என்று கோர்ட்டு கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லி, குழந்தைகளை அவரிடமே இருக்கவிட்டது. தகப்பனார் வீட்டிலும் பள்ளியிலும் இருக்கும்போது குழந்தைகள் அந்த ஆசாரப்படி நடந்துகொள்ள அவர் ஆவன செய்ய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. அதாவது, இரட்டை வாழ்க்கை தாயாரிடமிருந்து குழந்தைகளுக்கு மாறியது.

பிள்ளைக்கு மூன்று வயதானால் முடியிறக்கிக் கன்னச் சுருளை மட்டும் விடுகிற சடங்கு. கத்தரிக்கோலை எடுத்து வெட்டுகிறவர்களில் தகப்பன் முக்கியமானவன். பதின்மூன்று வயதில் பையன் தொழுகைக் கூடத்தில் வேதம் வாசிக்கிறான். இவனுடைய பாவபுண்ணியப் பொறுப்பு இனி என்னுடையதல்ல என்று தகப்பன் ஒரு வாழ்த்துரை சொல்ல வேண்டும். நம்பாதவன் நம்புகிறவர்கள் எதிரில் அதைச் சொல்கிறான். பையன் வந்து, அப்பா, இந்த வேத வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், ராஷி இப்படிச் சொன்னார், இன்னொருவர் அப்படிச் சொன்னார் என்று பதில் கொடுக்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாதே என்று இருக்கும்.

எத்தனை நாளைக்கு? கடைக்குட்டிக்குக் கல்யாணம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்பது இவர்களில் பலர் போட்டு வைத்திருக்கிற கணக்கு. முப்பத்தைந்து வயதுக்காரருக்குக் கடைசிக் குழந்தை தொட்டிலில் இருந்தால், அதற்குப் பதினெட்டு, பத்தொன்பது ஆகும்போது இவருக்கு ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு. அதற்குள் மூத்தவளுக்குப் பிறந்த பேரனுக்கு முடியிறக்கும் நாள் வந்துவிடும். தாத்தா கையில் கத்தரிக்கோலைக் கொடுப்பார்கள்.